ஒரு பெரும் பகா எண்ணின் வரலாறு

பேரெண்களைப் பற்றிய ஆராய்ச்சி சமண நூல்களில் தொன்றுதொட்டு இடம்பெற்று வந்துள்ளது. உலகின் பரப்பு, காலத்தின் நீட்சி, உயிர்களின் தொகை ஆகியவற்றை அளந்துரைக்க முற்பட்ட ஆசிரியர்களுக்கு நூறும் ஆயிரமும் கோடியும் போதவில்லை. அனுயோகத்துவார சூத்திரம் மனிதர்களின் தொகையைக் கூறுமிடத்தில் ஓர் எண்ணை மூன்று வகையாக அடையாளம் காட்டுகிறது. அவ்வெண் 29 இடங்களைக் கொண்டது. இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கக் கிடைப்பது. இரண்டால் 96 முறை வகுக்கத்தக்கது.

இம்மூன்று அடையாளங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதை எவரும் சரிபார்க்கலாம். இரண்டை வர்க்கித்தால் 4. அதனை வர்க்கித்தால் 16. அடுத்தடுத்து 256, 65,536. ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. அதனை மீண்டும் வர்க்கித்தால் 20 இலக்கங்கள் கொண்ட ஆறாம் வர்க்கம் கிடைக்கிறது. இவ்விரண்டின் பெருக்குத்தொகை, இன்றைய குறியீட்டில் 2⁹⁶ எனப்படும் எண். விரித்தெழுதினால் அது 79 228 162 514 264 337 593 543 950 336. இலக்கங்களை எண்ணினால் சரியாக 29.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் கணக்கிற்குச் சமண ஆசிரியர்கள் 'அர்த்தச்சேதம்' என்று பெயரிட்டனர். ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனாசாரியர் வரைந்த தவளா உரையில் இக்கருத்தும் அதன் விதிகளும் விரிவாக ஆளப்பட்டுள்ளன. 32இன் அர்த்தச்சேதம் 5. மேலே கூறிய எண்ணின் அர்த்தச்சேதம் 96. இன்றைய கணிதம் இதனை இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று வழங்கும். எழுதி முடிக்க இயலாத பேரெண்ணையும் அதன் அர்த்தச்சேதத்தால் சுருங்கக் குறிக்கலாம் என்பதே இதன் பயன்.

இரண்டால் மீண்டும் மீண்டும் வகுபட்டு, இறுதியில் ஒன்றில் சென்று முடியும் இவ்வெண்கள் வகுபடும் தன்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதற்கு நேர்மாறான தன்மை கொண்டவை பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் அவை மீதியின்றி வகுபடா. வியப்புக்குரிய செய்தி யாதெனில், இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றே ஒன்றைக் குறைத்தால், சிலவேளைகளில் அத்தகைய பகா எண் தோன்றுகிறது. 4இலிருந்து 3, 8இலிருந்து 7, 32இலிருந்து 31, 128இலிருந்து 127. இவ்வகை எண்களுள் ஒன்றான 2¹²⁷ − 1 என்பதன் வரலாறு, ஒரு செய்தியைச் சொல்வதற்கும் அதனை அறிவதற்கும் இடையிலுள்ள தொலைவைத் தெளிவாகக் காட்டுவது.

தேடலின் தொடக்கம்

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் குறைத்துப் பார்க்கும் வழக்கம் கிரேக்கக் கணிதத்தில் வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது. 6 என்னும் எண்ணின் காரணிகளுள் அவ்வெண்ணை நீக்கிய ஏனையவை 1, 2, 3. அவற்றின் கூட்டுத்தொகை 6. அவ்வாறே 28இன் காரணிகளான 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28. இத்தகைய எண்கள் நிறைவெண்கள் எனப்பட்டன. கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த யூக்ளிட், 2இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் குறைத்தால் பகா எண் கிடைக்குமானால், அதனை முந்தைய அடுக்கால் பெருக்கும்போது நிறைவெண் கிடைக்கும் என்று நிறுவினார். 7ஐ 4ஆல் பெருக்க 28. 31ஐ 16ஆல் பெருக்க 496.

எந்தெந்த அடுக்குகள் பகா எண்ணைத் தரும் என்பதே அடுத்த கேள்வி. அடுக்கு பகு எண்ணாயின் பயனில்லை என்பது எளிதில் புலப்படும். 2⁶ − 1 என்பது 63. அது 3ஆலும் 7ஆலும் வகுபடும். ஆகவே அடுக்கும் பகா எண்ணாக இருத்தல் வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. 11 பகா எண்ணே. ஆனால் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்குத்தொகை என்பது 1536இல் வெளிப்பட்டது. பகா எண்ணாகிய ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவு காண வேண்டும் என்னும் நிலை அப்போதே உருவாயிற்று.

ஒரு துறவியின் பட்டியல்

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரில் வாழ்ந்தவர் மாரன் மெர்சேன் என்னும் கத்தோலிக்கத் துறவி. அவர் சார்ந்திருந்த மினிம் சபையினர் இறைச்சியை மட்டுமன்றி முட்டை, பால் ஆகியவற்றையும் வாழ்நாள் முழுதும் விலக்கும் நோன்பினர். மெர்சேனின் மடத்து அறை அக்கால ஐரோப்பிய அறிவியலின் அஞ்சல் நிலையம்போல் விளங்கிற்று. டேக்கார்ட், ஃபெர்மா போன்ற பேரறிஞர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவிக்கும் பணியை அவர் அயராது செய்தார்.

1644இல் வெளியிட்ட நூலொன்றில் மெர்சேன் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்பது அதன் சாரம். இவற்றுள் 19 வரையிலானவை முன்பே இத்தாலியரான கத்தால்டி போன்றோரால் சரிபார்க்கப்பட்டவை. எஞ்சியவற்றுக்கு மெர்சேன் நிறுவல் எதனையும் தரவில்லை. தரவும் இயலாது. 2⁶⁷ − 1 என்பது 21 இலக்க எண். 2¹²⁷ − 1 என்பது 39 இலக்க எண். 15 அல்லது 20 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பகா எண்ணா என்று ஆராய எத்துணைக் காலமும் போதாது என அவரே எழுதியுள்ளார்.

ஆயினும் அப்பட்டியல் அவருடைய பெயரால் நிலைபெற்றது. 2இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்கள் இன்றளவும் மெர்சேன் எண்கள் என்றே வழங்குகின்றன. அப்பட்டியலில் எது மெய், எது பொய் என்று முழுமையாகத் தீர்த்துக்கொள்ள உலகிற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

ஆய்லரின் சுருக்குவழி

பட்டியலின் 31ஆம் அடுக்கை முதலில் உறுதி செய்தவர் லியோனார்டு ஆய்லர். 1772இல், கண்பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்த முதுமையில், அவர் 2,14,74,83,647 என்னும் எண் பகா எண்ணே என்று காட்டினார்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையிலான எண்களால் வகுத்துப் பார்த்தல் போதும். மேற்கண்ட எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 46,340. ஆனால் மெர்சேன் எண்ணின் காரணிகள் தம் விருப்பம்போல் அமைவதில்லை. 2³¹ − 1க்குக் காரணி ஏதேனும் இருப்பின், அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதியாதல் வேண்டும் என்று ஆய்லர் கண்டார். 46,340 வரை அத்தகைய எண்கள் ஏறத்தாழ 370 மட்டுமே. அவற்றுள்ளும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கும் குறைவு. ஒன்றேனும் மீதியின்றி வகுக்காமையால் முடிவு உறுதியாயிற்று.

இந்த எண்ணின் நிறைவெண்ணைக் குறிப்பிட்ட ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதனினும் பெரிய நிறைவெண் ஒருபோதும் கண்டறியப்படாது என்று 1811இல் எழுதினார். பயனற்ற வெறும் வியப்புப் பொருளைத் தேடி எவரும் அவ்வளவு உழைக்கமாட்டார் என்பது அவர் கூறிய காரணம். அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை.

இதே சுருக்குவழியை 127ஆம் அடுக்கிற்குக் கையாள முடியுமா? 2¹²⁷ − 1இன் வர்க்கமூலம் 20 இலக்கங்கள் கொண்டது. பொருந்தாத எண்களை எல்லாம் தள்ளிய பின்னரும் ஏறத்தாழ 25,000 இலட்சம் கோடி எண்கள் எஞ்சும். நொடிக்கு ஒரு வகுத்தல் வீதம் ஓயாது செய்தாலும் 80 கோடி ஆண்டுகள் ஆகும். வகுத்துப் பார்த்தல் என்னும் வழி அங்கே அடைபட்டுப் போயிற்று.

வகுக்காமல் அறியும் வழி

அந்த அடைப்பைத் திறந்தவர் எட்வார் லூக்கா என்னும் பிரெஞ்சுக்காரர். 1842இல் அமியேன் நகரில் பிறந்த அவர், பாரிஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்து, போரில் பீரங்கிப்படை அலுவலராக இருந்து, பின்னர்ப் பள்ளிக் கணித ஆசிரியரானவர். கணித விளையாட்டுகளில் பெருவிருப்பம் கொண்டவர். மூன்று தூண்களில் வட்டுகளை மாற்றியடுக்கும் ஹனோய் கோபுரப் புதிரை உலகிற்கு அளித்தவரும் இவரே. 64 வட்டுகளை அப்புதிரில் இடம் மாற்றத் தேவையான நகர்வுகள் 2⁶⁴ − 1 என்பது இங்கு நினைக்கத்தக்கது.

காரணிகளைத் தேடாமலே மெர்சேன் எண்ணைச் சோதிக்கும் முறையை லூக்கா வகுத்தார். 1930இல் அமெரிக்கரான லேமர் அதனைச் செம்மைப்படுத்தினார். இன்றுள்ள வடிவில் அம்முறை மிக எளிது. 4இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க. வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்க. மீதியை மீண்டும் வர்க்கித்து 2ஐக் கழித்து, முன்போலவே வகுக்க. அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி சுழியமாயின் அது பகா எண். சுழியம் அல்லாதாயின் பகு எண். இரண்டைத் தவிர்த்த பகா எண் அடுக்குகள் அனைத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

எடுத்துக்காட்டாக 127ஐச் சோதிக்கலாம். அது 2இன் 7ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது. ஆகவே ஐந்து தடவைகள் செய்தல் வேண்டும். 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதன் மீதி 67, 67இலிருந்து 4487, மீதி 42, 42இலிருந்து 1762, மீதி 111, 111இலிருந்து 12,319. இது 127ஐ 97 முறை கொண்டது, மீதி சுழியம். ஆகவே 127 பகா எண். இதற்கு மாறாக 2047ஐ ஒன்பது தடவைகள் சோதித்தால் இறுதி மீதி 1736. அது பகு எண் என்பது 23ஐயும் 89ஐயும் அறியாமலே தெளிவாகிறது.

இத்தகைய சோதனையைக் கொண்டு 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று அறிவித்தார். அவ்வெண் இது: 170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727. இதற்கு 39 இலக்க எண்களை நூற்றுக்கும் மேற்பட்ட முறை வர்க்கித்து மீதி காணல் வேண்டும். அதற்கும் இரண்டின் இயல்பே துணை நின்றது. எல்லா எண்களையும் 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதினால், 2¹²⁷ − 1ஆல் வகுத்து மீதி காண்பதற்கு வகுத்தலே தேவையில்லை. 2இன் 127ஆம் அடுக்கு மீதியாக 1ஐத் தருவதால், 127 இடங்களுக்கு அப்பால் வழியும் குறிகளை மீண்டும் முதலிடத்திலிருந்து சேர்த்துக்கொண்டால் போதும். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் காய்களை வைத்தும் நகர்த்தியும் இக்கணக்கைச் செய்யும் முறையை லூக்கா விவரித்துள்ளார். பின்வந்தோர் மீண்டும் கணக்கிட்டு அவர் கூறியதை உறுதி செய்தனர்.

மெர்சேன் 1644இல் 127 என்று எழுதியது உண்மையே. ஆயினும் அடுத்த 232 ஆண்டுகள் அது வெறும் கூற்றாகவே இருந்தது. அதே பட்டியலில், அதே உறுதியோடு அவர் எழுதிய 67 பொய்யாயிற்று. கூறியவரின் புகழைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலவில்லை.

பட்டியல் திருத்தம் பெற்ற கதை

2⁶⁷ − 1 பகு எண்ணே என்பதையும் 1876இல் லூக்காவின் முறை காட்டிற்று. ஆனால் அதன் காரணிகள் எவை என்பது எவருக்கும் தெரியவில்லை. ஓர் எண் வகுபடும் என்பதை ஐயமற அறிந்தும், எதனால் வகுபடும் என்பதை அறியாத விந்தையான நிலை 27 ஆண்டுகள் நீடித்தது. 1903ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை வெளியிட்டார். 19,37,07,721 என்பதை 7,61,83,82,57,287 என்பதால் பெருக்கினால் 2⁶⁷ − 1 கிடைக்கும். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இரு கணக்குகளையும் எழுதி, விடைகள் ஒத்திருப்பதைக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், பல ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டார் என்றும் கணித உலகில் ஒரு கதை வழங்குகிறது.

மெர்சேன் விட்டுவிட்ட எண்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2⁶¹ − 1 பகா எண் என்பதை 1883இல் கண்டவர் இவான் பெர்வூஷின் என்னும் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார். 89, 107 ஆகிய அடுக்குகளை 1911, 1914 ஆகிய ஆண்டுகளில் பவர்ஸ் என்னும் அமெரிக்கர் சேர்த்தார். 257ஆம் அடுக்கு பகு எண்ணையே தரும் என்பது 1920களில் தெரியவந்தது. 1947இல் பட்டியல் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது. இரண்டு எண்களைத் தவறாகச் சேர்த்தும், மூன்று எண்களைத் தவறவிட்டும் மெர்சேன் ஐந்து பிழைகள் செய்திருந்தார். அவ்வைந்தையும் திருத்தியவர்களுள் பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வெண்ணின் சில இயல்புகள்

2¹²⁷ − 1 என்னும் எண்ணை இரண்டின் அடியில் எழுதினால் 127 ஒன்றுகள் இடையீடின்றி வரிசையாக நிற்கும். அதனை 2இன் 126ஆம் அடுக்கால் பெருக்கினால் 77 இலக்கங்கள் கொண்ட நிறைவெண் கிடைக்கும்.

அதன் அடுக்கும் தனிச்சிறப்புடையது. 2இன் 2ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைய 3. அந்த 3ஐ அடுக்காக்கினால் 7. 7ஐ அடுக்காக்கினால் 127. 127ஐ அடுக்காக்கினால் லூக்காவின் எண். இச்சங்கிலியின் கண்ணிகள் அனைத்தும் பகா எண்கள். லூக்காவின் எண்ணையே அடுக்காக்கினால் வரும் அடுத்த கண்ணியும் பகா எண்ணா? அவ்வெண்ணின் இலக்கங்கள் எத்தனை என்று கூறுவதற்கே 38 இலக்கங்கள் கொண்ட எண் தேவை. அதனை முழுதும் எழுதிவைக்க உலகில் ஏடு இல்லை. ஆயினும் அதன் அர்த்தச்சேதம் எது என்பதை ஒரே வரியில் குறித்துவிடலாம். அது பகா எண்ணா என்னும் கேள்விக்கு மட்டும் இன்றுவரை விடை இல்லை.

பொறிகளின் காலம்

லூக்காவின் எண் 75 ஆண்டுகள் அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக நிலைத்தது. 1951இல் ஃபெரியே என்பவர் கணக்கிடும் பொறியொன்றின் துணையோடு 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார். 1952 ஜனவரி 30 அன்று கலிபோர்னியாவில் இருந்த ஸ்வாக் என்னும் கணினி, ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரலைக் கொண்டு 521, 607 ஆகிய இரு புதிய அடுக்குகளை ஒரே நாளில் தந்தது. ஆயினும் பொறியின் துணையின்றிக் கைக்கணக்கால் கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது என்னும் சிறப்பு இன்றும் 2¹²⁷ − 1க்கே உரியது.

1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டுமுயற்சியில் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை இத்தேடலுக்கு அளித்து வருகின்றனர். அம்முயற்சியின் பயனாக 2024 அக்டோபரில் 2இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண் பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. இவ்வளவு பெரிய எண்ணையும் முடிவில் உறுதி செய்தது லூக்காவும் லேமரும் வகுத்த அதே சோதனைதான். பல்வேறு பொறிகளில், பல்வேறு நிரல்களால் மீண்டும் சோதித்து ஒரே விடை வந்த பின்னரே அது ஏற்கப்பட்டது.

பார்லோ பயனற்றவை என்று கருதிய ஆராய்ச்சியின் பயனும் இன்று வெளிப்படை. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தல் மிக அரிது. 1977இல் வகுக்கப்பட்ட மறைகுறியீட்டு முறையொன்று இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. வங்கிக் கணக்கையும் கைப்பேசிச் செய்தியையும் காக்கும் முறைகளுள் அதுவும் ஒன்று. அவற்றுக்கு உலகறிந்த மெர்சேன் எண்கள் பயன்படா. எவருக்கும் தெரியாமல் தெரிந்தெடுத்த, சில நூறு இலக்கங்கள் கொண்ட பகா எண்களே வேண்டும். ஆயினும் பேரெண்ணைக் காரணி தேடாமல் சோதிக்கலாம் என்னும் அறிவு லூக்கா காலத்திலிருந்து வளர்ந்து வந்ததாகும்.

இரண்டை மீண்டும் மீண்டும் பெருக்குதல் சிறுவரும் செய்யத்தக்க செயல். அதிலிருந்து ஒன்றைக் குறைத்தலும் அவ்வாறே. அவ்வளவு எளிய செயலில் பிறந்த ஓர் எண்ணின் இயல்பை அறிய இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் எண் மாறவில்லை. மெர்சேனின் கூற்றும் மாறவில்லை. சோதித்தறியும் வழி ஒன்று புதிதாகப் பிறந்தது. இல்லத்திலுள்ள பள்ளிச் சிறுவர் ஒருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு அமர்ந்தால், 127ஐ ஐந்தே படிகளில் சோதித்துவிடலாம். பாரிஸ் நகரின் ஆசிரியர்க்கும் கலிபோர்னியாவின் கணினிக்கும் கிடைத்த அதே சுழியம் அவருக்கும் கிடைக்கும்.